பாதி அரிசி

கொல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளுள்ள ஒரு இந்துக் குடும்பம் சோறு கண்டு நாளாகிறது என்று கேள்விப்பட்டு, அன்னை தெரசா அரிசியோடு ஓடினார். பிள்ளைகளின் கண்களில் பசி மின்னியது. அரிசியை வாங்கிய தாயோ, உலை வைக்கவில்லை. இரண்டாகப் பிரித்து ஒரு பங்கோடு வெளியே போனார். திரும்பியவரிடம் கேட்டால், "அவங்களும் பசியோட இருக்காங்க" என்றாராம். அவர்கள், ஒரு முஸ்லிம் குடும்பம்.

1979 நோபல் உரையில் அன்னை சொன்னது இது. அன்று மாலை அவர் மேற்கொண்டு அரிசி கொண்டுவரவில்லை. பகிர்ந்த மகிழ்ச்சியை அந்த இரு வீடுகளும் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார். என்னை உலுக்குவது இந்த இடம்தான். அயலாரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் அடியவர், அந்தத் தாயின் ஈகைக்கு வழிவிட்டு விலகி நின்றார். 1952-இல் காளிகாட்டில், சாகும் தறுவாயில் இருப்போருக்காக அவர் திறந்த நிர்மல் ஹிருதயா இல்லத்திலும் அப்படித்தான், உயிர் பிரியும் நேரத்தில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன்.