குதிப்போரும் திரும்பி நடப்போரும்



சில மாதங்களுக்கு முன்பு எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு படக்காட்சியைக் கொண்டுவந்து காட்டினான். செங்குத்தான மலைமுகடொன்றின் விளிம்பில் ஒரு மனிதன் நிற்கின்றான். முதுகில் ஒரு சிறு பொதி. சற்று நேரம் கீழே நோக்குகின்றான். பின்னர் கைகளை விரித்து வெறுவெளியிற் பாய்கின்றான். சில செக்கன்கள் கல்லைப்போல் வீழ்கின்றான். அதன்பின் அவன் தலைக்குமேல் வான்குடை மலர்கின்றது. “ஐயா, இது வீரமா, மடமையா?” என்று மாணவன் வினவினான். “மடமை” என்று ஒரே சொல்லிற் கூறி அனுப்பிவிட்டேன். அவன் மறுமொழி கூறாது சென்றான். மாணவன் வாய்மூடிச் செல்வதை ஆசிரியனின் வெற்றி என்று கருதுவோர் உளர். நெடுங்கால அனுபவம் எனக்கு அவ்வாறு கற்பிக்கவில்லை. எனவே, அவ்வினாவுக்குத் தக்க விடை காண முயன்றேன். அம்முயற்சியின் பயனையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

விமானத்திலிருந்து வான்குடையுடன் குதித்தல் பலரும் அறிந்த செயல். நான் கூறுவது அதுவன்று. நிலத்தில் ஊன்றி நிற்கும் ஒன்றின்மீது ஏறி, அங்கிருந்து குதிக்கும் செயல் இது. கட்டடம், வானொலி அலைக்கம்பம், பாலம், மலை ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து இதற்குப் ‘பேஸ்’ என்று பெயரிட்டனர். இந்நான்கிலிருந்தும் ஒருமுறையேனும் குதித்தவருக்கு வரிசை எண் ஒன்று வழங்கப்படும். 1981 சனவரி 18 அன்று அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலுள்ள வானளாவிய கட்டடம் ஒன்றிலிருந்து குதித்த பில் சிமித், பில் மேபீல்ட் என்னும் இருவரும் முதலாம், இரண்டாம் எண்களைப் பெற்றனர். இவ்விளையாட்டை உலகறியச் செய்த படப்பிடிப்பாளர் கார்ல் போனிஷும் அவர் மனைவி ஜீனும் அடுத்த இரு எண்களுக்கு உரியவராயினர்.

இச்செயலின் ஆபத்து எத்தகையது என்பதை உணர ஒரு சிறு கணக்குப் போதும். பௌதிகவியல் பயிலும் மாணவர் எவரும் இதனைப் போட்டுவிடுவர். காற்றின் தடையை ஒதுக்கிப் பார்த்தால், வீழும் பொருள் முதலாவது செக்கனில் ஏறக்குறைய 5 மீற்றர் இறங்கும்; இரண்டு செக்கனில் 20 மீற்றர்; மூன்றில் 44; நான்கில் 78. அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திலுள்ள பெரைன் பாலம் ஆற்றுக்குமேல் 148 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வான்குடை இன்றி வீழும் ஒருவன் ஐந்தரைச் செக்கனில் நீரை அடைந்துவிடுவான். நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் நேரம்கூட அவனுக்கு இல்லை. விமானத்திலிருந்து குதிப்பவனோ 4,000 மீற்றர் உயரத்திற் புறப்படுகின்றான். முதற்குடை பழுதானால் அதனை அறுத்துவிட்டு இரண்டாங் குடையை விரிக்க அவனுக்கு நேரமுண்டு. அவன் மயங்கிப்போனாலும் குறித்த உயரத்தில் இரண்டாங் குடையைத் தானே திறக்கும் கருவியும் உண்டு. மலைமுகட்டிலிருந்து குதிப்பவனிடம் இவை எவையும் இல்லை. அவனிடம் இருப்பது ஒரே ஒரு குடை. இன்னொன்று இருந்தாலும் அதனை விரிக்க நேரமில்லை.

தகுந்த கருவியின்றித் துணிவை மட்டும் நம்பியவரின் கதி யாதென்பதற்குப் பழைய சான்று ஒன்றுண்டு. பிரான்ஸ் றைகெல்ற் என்பவர் பாரிஸ் மாநகரிலிருந்த தையற்காரர். அணிந்துகொண்டு குதிக்கத்தக்க வான்குடை அங்கி ஒன்றைத் தாமே தைத்தார். 1912 பெப்ரவரி 4 அன்று ஈபெல் கோபுரத்தின் முதலாந் தளத்தில், 57 மீற்றர் உயரத்தில், ஏறி நின்றார். பொம்மை ஒன்றையே அவர் கீழே விடுவார் என அதிகாரிகள் எண்ணியிருந்தனர். நண்பர் தடுத்தும் கேளாது அவரே குதித்தார். அங்கி விரியவில்லை, அவர் உயிர் பிழைக்கவில்லை. அவரிடம் துணிவு குறைவாக இருந்ததென எவரும் கூற இயலாது. தம் கருவியைப் பற்றிய ஐயம் ஒன்றே அவரிடம் இல்லாதிருந்தது.

இன்றைய குதிப்போர் அந்த ஐயத்தைத் தம் தொழிலின் முதற்பாடமாகக் கொண்டுள்ளனர். அவர்களுடைய வான்குடை பழைய வட்டக்குடை அன்று. ஏழு அறைகள் கொண்டு, காற்றை உட்கொண்டு, இறகுபோல் உப்பும் நீள்சதுரக் குடை அது. விரைந்து விரிவதற்காக அதன் அடிப்புறத்திலும் காற்று நுழையும் வாயில்களை அமைக்கின்றனர். பெருங்குடையைப் பொதியிலிருந்து இழுத்தெடுப்பது கையால் எறியப்படும் சிறுகுடை. விமானத்திலிருந்து குதிப்பவர் மிகுந்த வேகத்தில் வீழ்வதால் அவருக்குச் சிறிய சிறுகுடை போதும். இவர்களோ வேகம் பெறுமுன்னரே விரிக்க வேண்டியிருப்பதால் ஒரு மீற்றர் அளவு குறுக்களவுள்ள சிறுகுடையைக் கொள்கின்றனர். குடை அதிர்ச்சியுடன் விரியாதபடி நூல்களின் வழியே மெல்ல இறங்கும் துணித்துண்டு ஒன்றுண்டு; குறைந்த உயரத்திற் குதிக்கும்போது, தாமதம் நேராதிருக்க, அதனையும் கழற்றிவிடுவர். மிகக் குறைந்த உயரமாயின் சிறுகுடையைத் தோழர் ஒருவர் பிடித்து நிற்பார். அல்லது எளிதில் அறும் நூலொன்றினாற் பாலத்துடன் பிணைத்து வைப்பர். இவ்வாறு உயரத்துக்கு உயரம் கருவி மாறும். மடிக்கும் முறையும் மாறும். ஆகவே, தம் குடையைத் தாமே மடித்தல் இவர்களிடையே வழக்கம். பொறுமையுடன், ஒவ்வொரு நூலையும் தொட்டுப் பார்த்து, இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருக்குமாறு மடிப்பர்.

இருபுறமும் ஒத்திருத்தல் ஏன் இத்துணை முக்கியம்? குடை விரிந்தால் ஆபத்து நீங்கியது என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. குடை எத்திசை நோக்கி விரிகின்றதோ அத்திசையிலேயே அது முன்னோக்கிப் பறக்கும். வெளியை நோக்கி விரிய வேண்டிய குடை பாறையை நோக்கி விரிந்தால், குதித்தவன் பாறையின்மீதே மோதுவான். அவ்வேளையில் தோள்வார்களைப் பற்றியிழுத்து அதனைத் திருப்ப அவனுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு செக்கன்களே. மடிப்பிலே ஒரு கோணல், குதிக்கும்போது உடலிலே ஒரு சாய்வு, பக்கத்திலிருந்து வீசும் ஒரு காற்று, இவற்றுள் எது ஒன்றும் இவ்வினையை விளைவிக்கும்.

இங்குதான் இச்சமூகத்தின் மனப்பான்மையைக் கவனிக்க வேண்டும். புதிதாக வருபவரை இவர்கள் எளிதில் வரவேற்பதில்லை. விமானத்திலிருந்து 200 முறையளவிலேனும் குதித்துப் பழகியிரு. குடையைக் குறித்த இடத்தில் இறக்கக் கற்றுக்கொள். அனுபவமுள்ள ஒருவரை ஆசானாகத் தேடு. அதன்பின் வா என்பதே மூத்தோர் கூற்று. மேலும், மணிக்கணக்காக மலையேறிச் சென்று, முகட்டில் நின்று, காற்றின் போக்குச் சரியில்லை என்று கண்டு, பொதியைச் சுமந்தபடியே நடந்து இறங்குபவரை இவர்களுள் அறிவுடையோர் இகழ்வதில்லை, மதிக்கின்றனர். அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுவது இழிவன்று என்பதை நம் முன்னோரும் நன்கறிந்திருந்தனர் அன்றோ?

ஆயினும் அனுபவம் ஒன்றே காப்பு என்று எவரும் நம்பலாகாது. 1966 ஆம் ஆண்டில் பிறையன் ஷூபேட், மைக்கல் பெல்கி என்னும் இரு இளைஞர் கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கப்பிற்றான் என்னும் பெரும்பாறையிலிருந்து வட்டக்குடைகளுடன் குதித்தனர். இருவரும் எலும்பு முறிந்தாலும் உயிருடன் மீண்டனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தன. மேற்கு வேர்ஜீனியாவில் நியூ றிவர் பள்ளத்தாக்கின்மேல் 267 மீற்றர் உயரத்தில் நிற்கும் பாலத்தில், ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் நிகழும் பாலத் திருநாளன்று, 2006 ஆம் ஆண்டில் அதே ஷூபேட் மீண்டும் குதித்தார். குடை விரியக் காலந் தாழ்ந்தது. கூடியிருந்த மக்கள் காண அவர் ஆற்றில் வீழ்ந்து மாண்டார். முன்னோடி என்ற பெயருக்காகப் புவியீர்ப்பு எவருக்கும் சலுகை அளிப்பதில்லை.

இத்தகைய இழப்புகளை இச்சமூகத்தார் மறைப்பதில்லை என்பது என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மாண்டோரின் பட்டியல் ஒன்றை இவர்களே பேணி வருகின்றனர். அதில் 400க்கு மேற்பட்ட பெயர்கள் உள. யார், எங்கே, எப்பொழுது, எந்தத் தவறினால் என்பவற்றை அது விளக்குகின்றது. நண்பனின் பிழையை எழுதுவது அவன் நினைவைப் பழிப்பதாகாதா என்று கேட்கலாம். அடுத்தவன் அதே பிழையால் மாளாதிருக்க வேண்டும் என்பதே அவர்களின் விடை. நம் வீதி விபத்துகளையும் நீர்நிலை மரணங்களையும் விதியென்று கூறிக் கடந்துவிடும் நாம் இதனைக் கவனிப்பது நன்று.

கணக்கும் ஒன்று உண்டு. நோர்வே நாட்டில் லீசெ கடற்கழியின் ஓரத்தில் ஏறக்குறைய 1,000 மீற்றர் உயர்ந்து நிற்கும் ஷேராக் மலையில் 1995 முதல் 2005 வரை நிகழ்ந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒன்பது பேர் மாண்டிருந்தனர். அதாவது, ஏறக்குறைய 2,300 குதிப்புக்கு ஒரு மரணம். 254 குதிப்புக்கு ஒன்று என்ற அளவில் உயிர்ச்சேதமில்லாத விபத்துகளும் நேர்ந்தன. ஒழுங்காகப் பதிவு செய்யப்படும் ஓரிடத்தின் கணக்கு இது. ஒருமுறை குதிப்பவனுக்கு இவ்வெண் சிறிதாகத் தோன்றலாம். ஆண்டுக்கு நூறுமுறை குதிப்பவன் இதனை நூறால் பெருக்கிப் பார்க்கட்டும்.

அவ்வாறாயின், இதனைச் சட்டத்தினால் தடுத்துவிடலாகாதா? யொசெமிற்றியில் 1980 ஆம் ஆண்டிற் சிறிது காலம் அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் அது நிறுத்தப்பட்டது. 1999 யூன் மாதத்தில் பிராங் கம்பாலி என்பவர் எல் கப்பிற்றானிலிருந்து குதித்து நலமே தரையிறங்கினார். காவலர் துரத்தவே, தப்பியோடி ஆற்றிற் பாய்ந்து மூழ்கி இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில், தடையை எதிர்த்துச் சிலர் வெளிப்படையாகக் குதித்தனர். அவர்களுள் அறுபது வயதினரான ஜான் டேவிஸ் அம்மையார், தம் குடை பறிமுதல் செய்யப்படும் என்பதால் இரவற் குடை அணிந்து குதித்தார். அது விரியவில்லை. தடை அவரைக் கொன்றது என நான் கூறேன். பழகாத கருவியுடன் குதிக்க இசைந்தவர் அவரே. எனினும், தடையானது ஆபத்தை நீக்காமல் அதன் உருவத்தை மாற்றிவிடவும் கூடும் என்பதை இவ்விரு மரணங்களும் காட்டுகின்றன.

தடையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கார்ல் போனிஷ் 1984 யூலையில் நோர்வேயின் திறொல் மலைச்சுவரில் உயிரிழந்தார். அம்மலைச்சுவரில் விபத்துற்றவரை மீட்பது மீட்போருக்கே பேராபத்தானது. 1986 ஆம் ஆண்டில் அங்கே குதித்தல் தடைசெய்யப்பட்டது. அதே நாட்டின் ஷேராக் மலையில் அது அனுமதிக்கப்படுகின்றது. அங்குள்ள சங்கம் புதியோருக்கு வழிகாட்டுகின்றது. சுவிற்சர்லாந்தின் லவுற்றர்புறுனன் பள்ளத்தாக்கிலும் தடையில்லை. ஆனால், அங்கு குதிப்போர் உலங்குவானூர்திகளின் பறப்புக்கு இடையூறு நேராதபடி முன்னறிவித்தல் வேண்டும். தாம் இறங்கும் புல்வெளி ஒரு விவசாயியின் மாட்டுத் தீவனம் என்பதை நினைத்து அதற்கெனக் கட்டணமும் செலுத்துகின்றனர். மலையடியில் வாழும் மக்களோ தம் வீட்டு யன்னலிலிருந்து பிறர் மரணத்தைக் காண நேர்கின்றது. தன் உயிர் தனக்கே உரியது என்று குதிப்பவன் கூறலாம். அவனைத் தேடிக் கயிற்றில் இறங்கும் மீட்பாளனின் உயிர் யாருக்கு உரியது? அவன் வருகைக்காக விளக்கேற்றி வைத்திருக்கும் தாயின் துயர் யாருக்கு உரியது?

நேயர்களே, அந்த மாணவனை மீண்டும் அழைத்தேன். “நான் அன்று கூறியது அரைவிடை” என்றேன். “நீ காட்டிய படத்தில் இரண்டு நிமிடமே இருந்தது. அதன்முன் உள்ள நூற்றுக்கணக்கான பயிற்சிகளும், மடிப்பதிற் கழிந்த மணிகளும், குதிக்காது திரும்பிய நாள்களும் அதில் இல்லை. அவற்றைக் காணாது அவனைப் புகழ்வதும் பிழை, இகழ்வதும் பிழை. ஆயினும், அவை அனைத்தும் இருந்தும் பலர் மாண்டனர் என்பதை நீ மறக்கலாகாது. உன்னை அங்கு போவென நான் சொல்லமாட்டேன்” என்றேன்.

அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “திரும்பி நடந்து வந்தவரின் படம் எங்கும் இல்லையே, ஐயா” என்றான்.

அவன் கூறியது மெய். திரும்பி நடப்பவரை எவரும் படம் பிடிப்பதில்லை, கைதட்டுவாரும் இல்லை. துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமாவது, காற்றின் போக்கறிந்து விளிம்பிலிருந்து காலைப் பின்னெடுத்து வைக்கும் அந்தத் துணிவையும் சேர்த்துப் பாராட்டப் பழகுவோமாக.