160 ஏக்கரும் ஒரு பக்கத்துக் காணியும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில், நோர்வேயில் வாழும் பழைய மாணவியர் மூவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெளிநாடுகளிலிருந்து வந்திருப்போர் தாம் வாழும் நாட்டைப் பற்றிக் கால்மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் எழுதியிருந்தார். நோர்வே என்றால் பனி, மீன் தொழிற்சாலை, நள்ளிரவுச் சூரியன், சமாதானப் பேச்சு. இவற்றையெல்லாம் எங்களுக்கு முந்திப் போன அக்காமார் பல மேடைகளில் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாங்கள் நோர்வேயை விட்டுப் போன ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று மூவரும் கூடி முடிவு செய்தோம்.

நாங்கள் இருப்பது மேற்கு நோர்வேயில், சொங்ன் என்ற நீண்ட கடல்நீரேரியின் கரையில் ஒரு சிறு ஊர். எங்களில் ஒருவர் ஊர் நூலகத்தில் வேலை செய்கிறார். மற்ற இருவரும் முதியோர் இல்லத்தில். ஒரு கோடை காலத்தில் அமெரிக்காவிலிருந்து இரண்டு சகோதரிகள் நூலகத்துக்கு வந்தார்கள். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள், மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கள் பூட்டியின் ஊரைத் தேடி வந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் நிற்பதைக் கண்டு முதலில் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்கள். நோர்வே மொழி அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அதனால் அவர்களுடைய பூட்டியைத் தேடும் வேலை எங்கள் கைக்கு வந்தது.

அந்த நாட்டில் இது பெரிய கஷ்டமான வேலை அல்ல. கோவில் பதிவேடுகள், பழைய குடிசன மதிப்பீடுகள், துறைமுகங்களில் பொலிசார் எழுதி வைத்த புலம்பெயர்வோர் பதிவேடுகள் எல்லாம் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஊர்தோறும் எந்தத் தோட்டத்தில் யார் இருந்தார், யாருக்கு யார் பிள்ளை என்று எழுதிய தடித்த ஊர் வரலாற்றுப் புத்தகங்களும் உண்டு. எங்கள் ஊரில் தோம்புகளும் கச்சேரிக் கடதாசிகளும் என்ன பாடுபட்டன என்பதை நினைத்து நாங்கள் பெருமூச்சு விடுவது வழக்கம்.

கஷ்டம் பெயரில்தான் இருந்தது. அக்காலத்து நோர்வேயில் நாட்டுப்புறத்து மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. சொந்தப் பெயர், அதன் பின் தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்ற சொல், அதன் பின் இருக்கும் தோட்டத்தின் பெயர். தோட்டம் மாறினால் கடைசிப் பெயரும் மாறும். எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்ற சட்டம் 1923 இல்தான் வந்தது. எங்கள் தகப்பன்மாரின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டு, அந்தப் பெயரால் எங்களைக் கூப்பிடும் நோர்வேக்காரருக்கு நாங்கள் இதை அடிக்கடி ஞாபகப்படுத்துவோம்.

பூட்டியைக் கண்டுபிடித்தோம். 1879 இல் பிறந்தவர். தகப்பன் ஒரு ஹூஸ்மன். அதாவது, பிறருடைய தோட்டத்தின் மூலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாகத் தோட்டக்காரருக்கு வேலை செய்பவர். நோர்வேயில் பயிர் செய்யக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். மிச்சம் மலையும் காடும் ஏரியும். 1801 க்கும் 1865 க்கும் இடையில் அங்கே சனத்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. தோட்டம் மூத்த மகனுக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் எங்கே போவது? மகள்மாருக்கும் ஆண்களுக்குச் சமமாக மூத்த உரிமை கொடுத்த சட்டம் வந்தது 1974 இல், அதுவும் 1965 இலும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும். இதைக் கேட்டு எங்களில் ஒருவர், "அப்ப சீதனக் காணி பெண்ணுக்குக் கொடுத்த எங்கட ஆக்கள் பரவாயில்லை" என்றார். அது வேறொரு நாள் விவாதிக்க வேண்டிய விடயம்.

1825 யூலையில் 52 பேரோடு ஸ்டவங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சிறு பாய்க்கப்பல் நியூயோர்க்குக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்து 53 பேராகப் போய் இறங்கினார்கள். அதிலிருந்து நூறு ஆண்டுக்குள் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர் நோர்வேயை விட்டுப் போனார்கள். ஐரோப்பாவில் அயர்லாந்தைத் தவிர வேறெந்த நாடும் தன் சனத்தில் அவ்வளவு பங்கை அமெரிக்காவுக்குக் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். போனவர் எழுதிய கடிதம் ஊரில் வீடு வீடாக வாசிக்கப்படும். கடிதத்தோடு கப்பல் ரிக்கற்றும் வரும். அடுத்த பிள்ளை புறப்படும். இதற்கு விளக்கம் இந்த மண்டபத்தில் யாருக்கும் தேவையில்லை.

பூட்டனின் குடும்பமும் அதே பள்ளத்தாக்குத்தான். அவர் நாலு வயதில், 1882 இல், தாய் தகப்பனோடு போனவர். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 28,000 க்கு மேற்பட்டோர் போனார்கள். பேர்கனிலிருந்து இங்கிலாந்தின் ஹல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து நியூயோர்க், பிறகு மீண்டும் ரயில். கையில் ஒரு மரப்பெட்டி. பூ வேலைப்பாடு தீட்டி, பெயரும் ஆண்டும் எழுதிய பெட்டி. அந்தப் பெட்டி இன்றும் சகோதரிகளில் இளையவர் வீட்டில், கம்பளிப் போர்வை வைக்கப் பயன்படுகிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்தது டக்கோட்டாப் புல்வெளி. மரம் இல்லை, கல் இல்லை. எதைக் கொண்டு வீடு கட்டுவது? புல் வேரோடு மண்ணைக் கலப்பையால் நீளப் பாளமாக வெட்டி, துண்டாக்கி, செங்கல்போல் அடுக்கினார்கள். கூரையும் அதே மண்தான். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்குமாம். அடுப்புக்கு விறகில்லை, காய்ந்த புல்லை முறுக்கி எரித்தார்கள். சமைக்கிறவருக்கும் முறுக்குகிறவருக்கும் அது முழுநாள் வேலை.

1888 யனவரி 12 ஐப் பற்றி அந்தக் குடும்பத்தில் இன்றும் பேசுகிறார்கள். காலையில் குளிர் தணிந்து, பிள்ளைகள் கனத்த உடுப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன நாள். திடீரென்று பனிப்புயல் அடித்து, நீட்டிய கை தெரியாமல் போயிற்று. டக்கோட்டாவிலும் நெப்ராஸ்காவிலுமாக 235 பேர் இறந்ததாகக் கணக்கு. பலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள். பூட்டனுக்கு அப்போது பத்து வயது. இருமலென்று தாய் மறித்து வீட்டில் வைத்திருந்ததால் தப்பினார். அந்த இருமல் இல்லாவிட்டால் அந்தச் சகோதரிகள் எங்கள் நூலகத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் அவர்கள் குடும்பப் புத்தகத்தில் இருந்தது. அழகாக அச்சடித்த புத்தகம். ஆனால் அதில் பூட்டி வருவது கலியாணப் படத்தில் மட்டும். "இவ கலியாணத்துக்கு முதல் என்ன செய்தவ?" என்று நாங்கள் கேட்டோம். பேர்கன் பதிவேட்டில் அவர் 1898 இல் 19 வயதில் தனியாகப் போனதாக இருக்கிறது. கலியாணமோ 1910 இல். இடையில் பன்னிரண்டு வருடம். "மினியாபொலிசில் வீட்டு வேலை செய்ததாகக் கேள்வி" என்றார்கள். அவ்வளவுதான்.

திரும்பிப் போன பிறகு, வோஷிங்ரனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பூட்டியின் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு கோவை வந்தது. அதன் பிரதியை எங்களுக்கும் அனுப்பினார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரவு வேலை முடிந்து மூவரும் இருந்து வாசித்தோம்.

1862 மே 20 இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் அரச நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தால் அந்த நிலம் சொந்தமாகும். பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு டொலர் அளவு. 160 ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் 2560 பரப்பு. குடும்பத் தலைவர் யாரும் கேட்கலாம், 21 வயது நிறைந்த தனிமனிதர் யாரும் கேட்கலாம். தனிமனிதர் என்றதில் பெண்ணும் அடக்கம். கணவனோடு வாழும் பெண் கேட்க முடியாது, கலியாணமாகாதவரும் விதவையும் கேட்கலாம். வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது.

பூட்டி 1904 இல் பதிந்திருக்கிறார். வயது 25. வீடு 12 அடிக்கு 14 அடி, ஒரு கதவு, ஒரு யன்னல், ஒரு அடுப்பு. உழுத நிலம் முதல் வருடம் ஐந்து ஏக்கர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. "எப்போதெல்லாம் காணியில் இருக்கவில்லை?" என்ற கேள்விக்கு, குளிர்காலத்தில் மினியாபொலிசில் சமையல் வேலை என்று எழுதியிருக்கிறார். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இல்லாவிட்டால் காணி பறிபோகும். அவர் ஒருமுறையும் நாலு மாதத்தைத் தாண்டவில்லை. சாட்சி இரண்டு அயலவர். அதில் ஒருவர்தான் பின்னாளில் பூட்டன். கடைசியில் தன் கையெழுத்து, தகப்பன் பெயரோடு மகள் என்று போட்டு, கொஞ்சமும் நடுங்காத எழுத்து.

குடும்பப் புத்தகத்தில் "பூட்டனின் தோட்டம்" என்று இருந்ததில் பாதி பூட்டியின் தோட்டம். நூறு வருடமாக யாரும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அந்த இரவு தேத்தண்ணீரோடு இதைக் கொண்டாடினோம்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் இங்கே இன்னும் சந்தோசமாகப் பேசிவிட்டு இறங்கியிருப்போம். கோவையோடு அந்தச் சகோதரிகள் 1910 ஆம் ஆண்டு நில வரைபடம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். சதுரம் சதுரமாகக் காணி, ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயர். பூட்டியின் சதுரத்தைச் சுற்றி நோர்வேப் பெயர்கள். கிழக்குப் பக்கத்தில் மட்டும் வேறொரு பெயர், டக்கோட்டாப் பெண்ணின் பெயர்.

அந்த நிலம் வட டக்கோட்டாவில் டெவில்ஸ் லேக் என்ற ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே 1862 இல், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணமும் உணவும் வராமல் பசியில் இருந்த டக்கோட்டா மக்களுக்கும் அரசுக்கும் மினசோட்டாவில் போர் மூண்டது. டிசெம்பர் 26 இல் மன்கேற்றோ என்ற ஊரில் 38 பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். மற்றவர்களை மினசோட்டாவை விட்டே துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு 1867 இல் இந்த ஏரிக்கரையில் நிலம் ஒதுக்கி, இது உங்களுக்கு என்று ஒப்பந்தம் எழுதினார்கள். பிறகு 1887 இல் ஒரு சட்டம். பொது நிலத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை "உபரி" என்றார்கள். அந்த உபரியைத்தான் 1904 இல் சீட்டுக் குலுக்கி வெள்ளைக்காரருக்குத் திறந்துவிட்டார்கள். பூட்டிக்கு விழுந்தது அந்தச் சீட்டு.

கேரன் ஹான்சன் என்ற சமூகவியலாளர் இந்த இடத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவருடைய பூட்டியும் அங்கே காணி எடுத்த நோர்வேப் பெண். 1929 அளவில் அந்த ஒதுக்கு நிலத்தில் டக்கோட்டா மக்களிடம் இருந்ததைவிடக் கூடுதலான நிலம் ஸ்கண்டிநேவியரிடம் இருந்தது என்று அவர் காட்டுகிறார்.

வரைபடத்தோடு வந்த கடிதத்தில் மூத்தவர் ஒரு விடயம் எழுதியிருந்தார். அவருடைய அம்மம்மா சின்ன வயதில் சொன்ன கதை. குளிர்காலங்களில் ஒரு இந்தியப் பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பருகில் பேசாமல் இருப்பாவாம். பூட்டி பாணும் கோப்பியும் கொடுப்பாவாம். போகும்போது சில வேளை உலர்த்திய பழம் வைத்துவிட்டுப் போவாவாம். "எங்கள் பூட்டி எவ்வளவு இரக்கமுள்ளவர் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்லி வந்தோம். இப்போது வரைபடத்தைப் பார்க்கிறேன். வந்தவர் பிச்சைக்காரி அல்ல, பக்கத்துக் காணிக்காரி. எங்கள் காணியும் முந்தி அவருடைய ஆட்களின் காணி" என்று எழுதியிருந்தார்.

எங்களில் ஒருவருக்கு வலிகாமம் வடக்கில் ஆறு பரப்புக் காணி இருக்கிறது. 1990 இல் விட்டுவிட்டு ஓடியது. உறுதி ஒஸ்லோவில் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது, காணி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பதில் எழுதும்போது ஒரு கேள்வி மட்டும் சேர்க்கச் சொன்னார்: "அந்த மனுசியின்ர பேரப்பிள்ளையள் எங்கே?"

அந்தக் கேள்வி மரியாதையோ என்று மற்ற இருவரும் யோசித்தோம். பூட்டியும் சும்மா வந்தவர் அல்ல. நிலமில்லாத ஹூஸ்மனின் மகள். 25 வயதில் ஒரு பெட்டி அளவு வீட்டில் ஐந்து குளிர்காலத்தைத் தாண்டியவர். சட்டம் கொடுத்ததை எடுத்தார். அவர் வயதில் நாங்கள் என்றால் எடுத்திருக்க மாட்டோம் என்று எங்களால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கேள்வியை அனுப்பினோம்.

எட்டு மாதம் பதில் இல்லை. கோபித்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். பிறகு வந்தது. இரு சகோதரிகளும் காரோட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் காணியில் ஒரு பகுதி கைமாறிப் போய்விட்டதாம். மிச்சம் தலைமுறை தலைமுறையாகப் பிரிபடாத பங்காகப் பெருகி, இப்போது உரித்தாளர் அறுபதுக்கு மேல், ஒருவருக்கும் தனியாக ஒரு துண்டு இல்லை. இதை வாசித்ததும் மூவரும் ஒரே நேரத்தில், "எங்கட ஊர்ப் பங்குக் காணி போல" என்றோம். உரித்தாளரில் ஒருவர், பேர்த்தி முறையானவர், அங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை செய்கிறார். சகோதரிகள் வரைபடத்தை மேசையில் விரித்திருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த நோர்வேக்காரி வீட்டுக் கோப்பி மெத்தக் கடுப்பு என்று தன் பாட்டி சொல்லுவா என்றாராம்.

இப்போது குடும்பப் புத்தகத்தை மறுபடி எழுதுகிறார்கள். புதிய முதற்பக்கத்தின் பிரதி போன மாதம் எங்களுக்கு வந்தது. கப்பலும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. 1910 வரைபடத்தின் ஒரு துண்டு மட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம், இரண்டிலும் பெண்களின் பெயர்.

அந்தப் பிரதியை இங்கே கொண்டுவந்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் பின் மேசையில் வைப்போம், பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பாருங்கள்.