உப்பும் சாம்பலும்



போலந்து நாட்டின் தென்பகுதியில், விஸ்துலா ஆற்றங்கரையில், கிராக்கோவ் என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. பண்டை மன்னர்கள் முடிசூடிய கோட்டையும், 1364-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகமும் அந்நகரின் பெருமைகள். அதனைக் காணச் சென்றிருந்தோம் நாங்கள் ஐவர். ஐவரும் தமிழர், ஆயினும் ஒருவர்கூடத் தமிழ்நாட்டில் குடியிருப்பவர் அல்லர். தில்லியில் இருவர், மும்பையில் இருவர், கொல்கத்தாவில் ஒருவர் என்று, பிழைப்பு நிமித்தம் வெளி மாநிலங்களில் வேர் விட்டவர்கள்.

நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாயிலில் பயண ஏற்பாட்டாளரின் விளம்பரப் பலகை ஒன்று தொங்கிற்று. ‘ஒரே நாளில் இரண்டு இடங்கள், காலையில் ஆஷ்விட்ஸ், மாலையில் வியலிச்கா உப்புச் சுரங்கம், வண்டி, வழிகாட்டி, நுழைவுச் சீட்டு யாவும் ஒரே கட்டணத்தில்’ என்று அது அறிவித்தது. எங்களுள் மூத்தவர் அதனைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். “இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் அடுத்த காரியத்தைப் பார்ப்பது நம் வழக்கம். இங்கே இழவு வீட்டு வாசலிலிருந்தே நேராகத் திருவிழாவுக்கு வண்டி விடுகிறார்களே, இது அடுக்குமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் மறுநாள் விடியலில் எங்களுக்கு விமானம். கையில் இருந்ததோ ஒரே ஒரு நாள். கேள்வியை விடையின்றியே சுமந்துகொண்டு வண்டியில் ஏறினோம். அந்தக் கேள்விக்கு அன்று மாலைக்குள் எங்களுக்குக் கிடைத்த விடையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கிராக்கோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெங்கும் வயல்களும், தோட்டம் சூழ்ந்த வீடுகளும், மாதா கோயில் கோபுரங்களும். ஓஷ்வியெஞ்சிம் என்னும் சிறு நகரம் வருகிறது. இந்தப் பெயரைத்தான் ஜெர்மானியர் ஆஷ்விட்ஸ் என்று மாற்றி அழைத்தனர். 1939-இல் போலந்தைக் கைப்பற்றிய ஹிட்லரின் நாஜி அரசு, இவ்வூரில் போலந்துப் படையினர் பயன்படுத்தி வந்த செங்கல் கட்டடங்களைச் சிறைமுகாம் ஆக்கிற்று. 1940 ஜூன் 14-ஆம் நாள் 728 போலந்து அரசியல் கைதிகள் ரயிலில் கொண்டுவரப்பட்டனர். அதுவே தொடக்கம்.

முகாமின் வாயிலில் இரும்பு எழுத்துகளில் ஒரு வாசகம் வளைந்து நிற்கிறது. ‘உழைப்பு விடுதலை தரும்’ என்பது அதன் பொருள். அவ்வெழுத்துகளைச் செய்தவர்கள் கைதிகளே. அவற்றுள் ஓர் எழுத்து தலைகீழாக அமைந்திருக்கிறது. வாய் திறக்க இயலாதவர்கள் காட்டிய மௌன எதிர்ப்பு அது என்று பலர் கருதுகின்றனர். அந்த வாயிலைக் கடந்தவர்களுக்கு உழைப்பு எவ்வித விடுதலையையும் தரவில்லை. நீர்த்த சூப்பும் ஒரு துண்டு ரொட்டியும் உண்டு, நாள் முழுவதும் வேலை செய்து, சில மாதங்களில் மாண்டு போவதே பெரும்பாலோர் விதியாயிற்று.

உள்ளே வழிகாட்டி மிகத் தாழ்ந்த குரலில் பேசுகிறார். செவியில் மாட்டிய கருவி வழியாகவே கேட்கிறோம். அதனால் பெருங்கூட்டம் நடமாடியும் அங்கே இரைச்சல் இல்லை. பதினோராம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பட்டினிச் சிறை ஒன்று உண்டு. 1941-இல் ஒரு கைதி தப்பிவிட்டதற்குத் தண்டனையாக, பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தம் மனைவி மக்களை எண்ணிக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்னும் பாதிரியார் முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறே சென்று, ஆகஸ்ட் 14-இல் உயிர் நீத்தார். அவர் காப்பாற்றிய மனிதர் 1995 வரை வாழ்ந்திருந்தார்.

மற்றொரு கட்டடத்தில், கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னே, கொல்லப்பட்டவர்களின் உடைமைகள் குவிந்திருக்கின்றன. மூக்குக் கண்ணாடிகள், பல்லாயிரக்கணக்கான காலணிகள், சமையல் பாத்திரங்கள், பெண்களிடமிருந்து கத்தரிக்கப்பட்ட தலைமயிர். தலைமயிரின் முன்னே எவரும் நிழற்படம் எடுக்கக் கூடாது என்பது விதி. அதற்கு விதி வேண்டியிருக்கிறதே என்றுதான் எங்களுக்கு வருத்தம்.

அங்கே பெட்டிகளும் இருக்கின்றன. தோல் பெட்டிகள், அட்டைப் பெட்டிகள், பிரம்புக் கூடைகள். பலவற்றின் மேல் வெள்ளை வர்ணத்தால் பெரிய எழுத்துகளில் பெயர், பிறந்த ஆண்டு, ஊர். வேறு இடத்தில் குடியேற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அந்த மக்களை ரயிலேற்றினார்கள். பெட்டி தவறிப் போனால் திரும்பக் கிடைக்க வேண்டுமே என்று அவர்களும் கவனமாகப் பெயர் எழுதி வைத்தார்கள்.

எங்கள் மூத்தவர் அந்தக் கண்ணாடியின் முன் நின்றவர் நகரவில்லை. ஏன் என்று எங்களுக்கு விளங்கிற்று. நேயர்களே, நம் வீடுகளின் பரண்களில் இன்றும் சில டிரங்குப் பெட்டிகள் இருக்கக்கூடும். தொழில் தேடி வடக்கே புறப்பட்ட நம் தந்தையரும் பாட்டன்மாரும் அவற்றின் மூடியில் அதே வெள்ளை வர்ணத்தால் பெயரும், ஊரும், இறங்கவேண்டிய ரயில் நிலையமும் எழுதியிருப்பார்கள். அதே கவனம், அதே நம்பிக்கை. ஆனால் நம்முடைய பெட்டி சேரவேண்டிய ஊரைச் சேர்ந்தது. கோடை விடுமுறையில் உடையவரோடு ஊர் திரும்பியது. இவர்களுடைய பெட்டி மட்டுமே மிஞ்சியது. அந்த வேறுபாட்டை மறந்து, எங்கள் துயரும் இவர்கள் துயரும் ஒன்றென்று சொல்ல நாங்கள் துணியமாட்டோம். எனினும், பெட்டியின் மேல் பெயர் எழுதிய கையை எங்களால் அறிந்துகொள்ள முடிந்தது.

மூன்று கிலோமீட்டர் தொலைவில் பிர்க்கெனாவ் என்னும் இரண்டாம் முகாம். 1941-இல் கட்டத் தொடங்கியது. 400 ஏக்கருக்கு மேற்பட்ட வெட்டவெளி. மரக் கொட்டகைகள் பெரும்பாலும் அழிந்து, கணப்படுப்பின் புகைப்போக்கிகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாயிலின் ஊடே ரயில் பாதை உள்ளே போகிறது. வந்திறங்கியவர்களை மருத்துவ உடையணியாத மருத்துவர்கள் ஒரு பார்வையில் பிரித்தார்கள். வேலைக்கு ஆகாதவர் என்று கருதப்பட்ட முதியோர், நோயாளிகள், குழந்தைகள், குழந்தையை ஏந்திய தாய்மார் ஆகியோரைக் குளிக்கச் செல்வதாகச் சொல்லி நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன, சாம்பல் குளங்களிலும் ஆற்றிலும் கொட்டப்பட்டது. 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். மொத்தத்தில் இம்முகாமுக்கு வந்தவர்கள் குறைந்தது 13 லட்சம் பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம். அவர்களுள் சுமார் பத்து லட்சம் பேர் யூதர்கள். போலந்து மக்களும், ரோமா என்னும் நாடோடி இனத்தவரும், சோவியத் போர்க் கைதிகளும் எஞ்சியோர். 1945 ஜனவரி 27-ஆம் நாள் சோவியத் படை வந்தபோது உயிரோடிருந்தவர் சுமார் 7000 பேர்.

இவ்விடத்தை 1947-இல் போலந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நினைவகமாக்கிற்று. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் 1979-இல் இது சேர்ந்தது. அதற்கு முந்தின ஆண்டு, அப்பட்டியலின் முதல் பன்னிரண்டு இடங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது வியலிச்கா உப்புச் சுரங்கம்.

அங்கேதான் எங்கள் வண்டி அடுத்துச் சென்றது. வழியில் ஆளுக்கொரு பொட்டலம் உணவு கொடுத்தார்கள். நெடுநேரம் எவரும் பிரிக்கவில்லை. பிறகு பசி வந்தது, பிரித்து உண்டோம். அந்த ரொட்டியைக் கடித்தபோது எங்களுக்கு உண்டான கூச்சத்தை மறைக்க விரும்பவில்லை.

வியலிச்கா, கிராக்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் 1996 வரை இங்கே உப்பு வெட்டினார்கள். ஒரு காலத்தில் போலந்து மன்னர்களின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்தே கிடைத்தது. சுரங்கத்தின் ஆழம் 327 மீட்டர், ஒன்பது தளங்கள். நாம் காண்பது அதில் ஒரு சிறு பகுதியே. முதலில் 380 மரப்படிகள் இறங்கி, 64 மீட்டர் ஆழத்தை அடைகிறோம். பிறகு சுமார் 3 கிலோமீட்டர் நடந்து, 135 மீட்டர் வரை செல்கிறோம்.

உப்பு என்றால் வெண்மை என்று எண்ணிச் சென்றவர்களுக்கு ஏமாற்றம். சுவர்கள் நம் ஊர்க் கருங்கல்லைப் போல் சாம்பல் நிறமாய் இருக்கின்றன. விரலால் தொட்டு நாவில் வைத்தால்தான் உப்பென்று தெரிகிறது. கூரையைத் தாங்கும் மரத் தூண்களோ, உப்பு ஊறியதால் உளுத்துப் போகாமல் நிற்கின்றன. தீப்பற்றும் வாயு சேர்ந்துவிடாதபடி, ஈரத் துணி போர்த்த தொழிலாளர் முன்கூட்டியே தவழ்ந்து சென்று, நீண்ட கழியில் தீப்பந்தம் ஏந்தி அதை எரித்துவிடுவார்களாம். பலர் அவ்வேலையிலேயே உயிரிழந்தனர். உப்பை மேலேற்றும் சக்கரங்களைச் சுற்றக் குதிரைகள் இருந்தன. கடைசிக் குதிரை 2002-இல்தான் வெளியேறிற்று.

பூமிக்கடியில் 101 மீட்டரில் புனித கிங்காவின் ஆலயம். நீளம் 54 மீட்டர். உயரம் 12 மீட்டர். தரை உப்பு, பீடம் உப்பு, சுவரில் செதுக்கிய சிற்பங்கள் உப்பு, மேலே தொங்கும் சரவிளக்கின் மணிகளும் உப்புப் படிகங்கள். 1890-களில் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதைச் செதுக்கியவர்களுள் முதன்மையானவர்கள் மார்க்கோவ்ஸ்கி சகோதரர் இருவரும், வைரோடெக் என்பவரும். இவர்கள் பெயர்பெற்ற சிற்பிகள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்கள்.

தங்கவயல் என்னும் கோலார் தங்கச் சுரங்கத்தை நேயர்களுள் பலர் அறிவீர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், 2001-இல் அது மூடப்படும் வரையில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்தார்கள். எங்களுள் ஒருவர் அவ்வூரில் பிறந்தவர். உப்பு ஆலயத்தில் நின்று அவர் சொன்னார்: “காலையில் வாயிலில் கண்ட வாசகத்தில் உழைப்பு என்னும் சொல்லை அவமானப்படுத்தியிருந்தார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு மானம் திரும்பி வந்தது.”

அது ஓர் ஆறுதலான விடை. அத்தோடு நாங்கள் மேலேறி வந்திருக்கலாம். ஆனால் மூத்தவர் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார்: “அந்த யுத்த ஆண்டுகளில் இச்சுரங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?”

அந்த இளம்பெண் சற்றே தயங்கினார். பிறகு சொன்னார். இவ்வூரிலும் யூதர்கள் வாழ்ந்தார்கள். 1942 ஆகஸ்டில் அவர்களைத் திரட்டி ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் பெல்ஜெத்ஸ் என்னும் கொலை முகாமில் மாண்டனர். 1944-இல் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையை வான்குண்டுகளுக்கு எட்டாதபடி இச்சுரங்கத்துக்குள் அமைக்க நாஜிகள் முற்பட்டனர். அதற்காக யூதக் கைதிகளை வேறு முகாம்களிலிருந்து கொண்டுவந்தனர். சோவியத் படை நெருங்கவே அம்முயற்சி கைவிடப்பட்டது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் கண்டது இழவு வீடு, மாலையில் காண்பது திருவிழா என்றல்லவா எண்ணியிருந்தோம்? இரண்டுக்கும் நடுவே அப்படியொரு சுவர் இருக்கவே இல்லை. ஆலயம் செதுக்கிய உளியோசை ஓய்வதற்கு முன்பே, அதே பூமிக்கடியில் அடிமைகளின் அடியோசையும் கேட்டிருக்கிறது. கொடுமை ஏதோ ஒரு தனி உலகத்தில் நடக்கவில்லை; சந்தையும் சுரங்கமும் பள்ளிக்கூடமும் உள்ள சாதாரண ஊர்களின் நடுவே, அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது.

அண்டை வீட்டார் என்றதும் நம் நாட்டுச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அதே 1942-இல், சோவியத் நாட்டின் உட்பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டு, பெற்றோரை இழந்து தவித்த போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு, நவாநகர் மன்னர் ஜாம்சாகேப் திக்விஜயசிங் குஜராத்தில் பாலாசடி என்னுமிடத்தில் புகலிடம் தந்தார். கோலாப்பூருக்கு அருகே வலிவடேயிலும் ஆயிரக்கணக்கான போலந்து அகதிகள் தங்கியிருந்தனர். வார்சா நகரில் இன்றும் ஒரு சதுக்கம் ‘நல்ல மகாராஜா’வின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மொழி தெரியாத பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க அன்று சிலரால் முடிந்திருக்கிறது. அயல்மொழி பேசும் தெருக்களில் வாழும் நமக்கு, திறந்த கதவின் அருமை தெரியாததன்று.

நேயர்களுள் எவரேனும் அங்குச் செல்வதாயின் எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். இயன்றால் இரண்டு இடங்களுக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாள்தான் என்றால் நினைவகத்தை முதலில் பாருங்கள். மனம் களைத்த பின் அங்குச் செல்லாதீர்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களை நினைவகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று அதன் பொறுப்பாளர்களே கேட்டுக்கொள்கிறார்கள். பெரிய பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை. சுரங்கத்தில் எக்காலத்தும் குளிர். மேலாடையும், படியிறங்க ஏற்ற காலணியும் தேவை. சுரங்க வழிகாட்டியிடம் எங்கள் மூத்தவர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்.

அன்றிரவு விடுதியில் உணவுக்கு அமர்ந்தோம். காய்கறிக் குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. மேசையில் இருந்த உப்புக் கிண்ணத்தை மூத்தவர் கையில் எடுத்தார். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். உப்பைக் கூட ருசிக்க விடாமல் அழிக்கப்பட்டவர்களை யார் நினைப்பது?” என்று கேட்டார். “நாம்தான்” என்றார் தங்கவயல் நண்பர். பிறகு நாங்கள் உண்டோம்.