புவியியலா, ஜியாலஜியா?

பிள்ளைகள் எம்எஸ்சிக்கு விண்ணப்பிக்கும் முன் பாடத்தின் பெயரைச் சரிபாருங்கள். பள்ளியில் 'புவியியல்' என்றால் ஜியாகிரபி. பத்திரிகைகளோ ஜியாலஜிகல் சர்வேயையும் 'இந்தியப் புவியியல் ஆய்வு மையம்' என்றே எழுதுகின்றன. அங்கே ஜியாலஜிஸ்ட் ஆவதற்கான யுபிஎஸ்சி தேர்வுக்கு எம்எஸ்சி ஜியாகிரபி செல்லாது; ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி போன்றவை வேண்டும். கவுண்டரில் வேறு கணக்குக்குச் செலான் எழுதியதுபோல்தான், இங்கே போவது இரண்டு வருடம்!

அம்பத்தூரில் போர்வெல்லை நம்பியிருக்கும் நமக்குப் பயன்படும் மத்திய நிலத்தடி நீர் வாரிய விஞ்ஞானி பணிக்கும் அதே தேர்வுதான். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக ஜியாலஜி துறை இருக்கிறது. ஐஐடி என்றால் 'ஜாம்' தேர்வு. பெரும்பாலும் செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் பரீட்சை. பிஎஸ்சி கடைசி வருடத்திலேயே எழுதலாம். பெண்பிள்ளைக்குப் பாறையும் சுத்தியலும் எதற்கு என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.