உள்ளே புகுந்தது யார் வாயால் பேசுகிறது?



மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில், மனிதனும் பேயும் ஓருடலில் குடியிருக்கும் திகில் கதைகளை ஆராயக் கூடியிருக்கிறோம். உங்கள் கட்டுரைகள் பலவும் 'உடல் யாருக்குச் சொந்தம்' என்று கேட்கின்றன. உள்ளே புகுந்தது யார் வாயால் பேசுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பதினோராம் நூற்றாண்டின் கெஞ்சி கதையில், நோயுற்ற அஓய் சீமாட்டியின் வாயிலிருந்து ரொகுஜோ சீமாட்டியின் குரல் எழுகிறது. நரி பிடித்தவர்களைப் பற்றிய நாட்டார் கதைகளிலும் வாய் மனிதருடையது, பேச்சு நரியுடையது. 1666இல் வந்த அசாய் ரியோயின் 'ஓதோகிபோக்கோ' தொகுப்பிலோ வேறொரு மரபைப் பார்க்கிறோம். ஒரு குடியானவனின் தொடையில் புண் வருகிறது. அதற்குக் கண்ணும் வாயும் உண்டு. மது ஊற்றினால் குடிக்கிறது, ஊட்டியதைத் தின்கிறது. ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் முகம் சுளிக்கிறது. அதையே புகட்டிக் குணப்படுத்துகிறார்கள். சீனத்திலிருந்து வந்த கதைதான். ஆனால் மங்காவுக்கு இதைவிட நெருங்கிய மூதாதை எனக்குத் தெரியவில்லை.

கோ நாகாயின் 'டெவில்மேன்' 1972இல் தொடங்கியது. பேய்களை எதிர்க்கப் பேயின் வலிமை வேண்டும் என்று நண்பன் ரியோ சொல்ல, கதைநாயகன் அகிரா தன் உடலில் அமோன் என்ற பேய்க்கு இடம் தருகிறான். வலிமை அமோனுடையது, நெஞ்சம் அகிராவுடையது. அதே ஆண்டில் வந்த தொலைக்காட்சித் தொடரில் நிலைமை தலைகீழ்: அகிராவின் உடலைப் பேய் எடுத்துக்கொள்கிறது; மிக்கி என்ற பெண்மேல் கொண்ட அன்பால் மனம் மாறுகிறது. இரண்டிலும் வாய் ஒன்றுதான். அதனால்தான், மங்காவில் கூட்டம் வெறிபிடித்து மிக்கியைக் கொல்லும் கட்டத்தில் எவருக்குள் பேய் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வழியில்லாமல் போகிறது.

ஹிதோஷி இவாஆகியின் 'கிசெய்ஜூ' 1988 முதல் 1995 வரை வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஷின்இச்சியின் மூளையைப் பிடிக்க வந்த உயிர் வலக்கையிலேயே சிக்கிக்கொள்கிறது. அதுதான் மிகி. இது பேயல்லவே, வேற்றுயிர்தானே என்று சிலர் கேட்கலாம். பேய் என்பது என்ன என்று நூல்களில் தேடிவிட்டு, மனிதனே அதற்கு மிக அருகில் நிற்கிறான் என்று மிகியே சொல்லிவிடுகிறது. உள்ளங்கையில் கண்ணும் வாயும் முளைக்கின்றன. கைக்கும் முகத்துக்கும் தனித்தனிப் பேச்சுக் குமிழ்கள். வாதாடுகிறார்கள், உடன்படுகிறார்கள். அந்தப் பக்கங்களில் எனக்கு அச்சமே வருவதில்லை.

அச்சம் பிறகு வருகிறது. தாயின் உடலில் புகுந்த ஒன்று ஷின்இச்சியின் இதயத்தைத் துளைத்துவிட, மிகி உள்ளே சென்று அதைத் தைத்து உயிர் கொடுக்கிறது. மிகியின் துணுக்குகள் இரத்தத்தோடு கலந்து தங்கிவிடுகின்றன. அதன்பின் அவனால் அழ முடிவதில்லை. அடிபட்ட நாய்க்குட்டி சாகும்வரை அருகில் இருக்கிறான்; செத்ததும் குப்பைத்தொட்டியில் போடுகிறான். இனி அது வெறும் இறைச்சிதான் என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்பு யாருடையது? கையோடு சண்டையிடலாம், இரத்தத்தோடு முடியாது. அந்தக் கட்டத்தில் குமிழ் ஒன்றுதான் இருக்கிறது, பேசுபவன் இவனா அதுவா என்று வாசகனுக்குத் தெரியாது. மரத்துப்போன அந்தக் கண்களில் நீரைத் திரும்ப வரவைப்பவளும் மனிதப் பெண் அல்ல: காவலர் குண்டுகளைத் தாங்கிக்கொண்டு, தான் பெற்ற குழந்தையை அவனிடம் தந்துவிட்டுச் சாகும் தாமுரா ரெய்கோ என்ற வேற்றுயிர். மங்காவில் இதைவிட உயர்ந்த இடத்தை நான் படித்ததில்லை.

கெகெ அகுதாமியின் 'ஜுஜுட்சு கைசென்' (2018–2024) இளையோர் நன்கறிந்தது. யூஜியின் உடலில் குடியிருக்கும் சுகுனா அவன் கன்னத்தில் வாய் திறந்து ஏளனம் செய்யும்போது சிரிப்பு வருகிறது. ஷிபுயாவில் சுகுனா முழு உடலையும் எடுத்துக்கொண்டு கொன்று குவித்தபின் யூஜி தன் உடலுக்குத் திரும்பும்போது சிரிப்புக்கு இடமில்லை.

எனவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதைச்சுருக்கம் சொல்லி நேரத்தைச் செலவிடாதீர்கள். அவையோர் கதையை அறிவார்கள். பக்கத்தைத் திரையில் காட்டுங்கள். குமிழின் வால் எந்த உறுப்பை நோக்கி நீள்கிறது, எந்தக் கட்டத்தில் இரண்டு குமிழ்கள் ஒன்றாகின்றன என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எழுத்திலக்கியத்தில் பழகிய நமக்கு இது கடினம்தான். ஆயினும் ஓவியத்தைப் படிக்காமல் இந்நூல்களைப் படித்ததாகாது.

முதல் அமர்வு 'டெவில்மேன்' பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.