கிருமியின் சுவரும் மருந்தின் முறையும்



வெள்ளி விழா மேடையில் மருந்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். என் மாணவி ஒருத்தியின் நிலையே இப்பொருளைப் படிக்கத் தூண்டிற்று. தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் அச்சிறுமியின் இதய வால்வைப் பழுதாக்கிவிட்டது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டும் என்றார் மருத்துவர். “பிள்ளை நன்றாக ஓடியாடுகிறாளே, ஊசிக்காக ஒரு நாள் கூலியை இழக்கணுமா, சார்?” என்று தாயார் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. ஊசி தவறிற்று; காய்ச்சல் மீண்டும் வந்தது.

பாக்டீரியா ஒரே செல்லால் ஆன உயிர். உள்ளழுத்தத்தால் அது வெடித்துவிடாமல் காப்பது அதனைச் சூழ்ந்த சுவர். அச்சுவர் கயிற்றுக் கட்டிலைப் போன்றது. நீண்ட இழைகள் குறுக்கே பிணைக்கப்பட்டிருக்கும். கிருமி வளரும்போது புதிய முடிச்சுகள் இடவேண்டும். அவ்வேலையைச் செய்வது ஒரு நொதி. முடிச்சு விழாவிடில் சுவர் நைந்து கிருமி வெடித்து மடியும். மனித செல்லுக்கு இத்தகைய சுவர் கிடையாது. இம்மருந்துகளின் சிறப்பு இதில்தான் இருக்கிறது.

இவற்றுள் இரு பிரிவுகள் முதன்மையானவை. பீட்டா லாக்டம் பிரிவு, முடிச்சிடும் நொதியையே முடக்கும். பெனிசிலின், அதன் வழிவந்த அமாக்சிசிலின், செபலோஸ்போரின் வகையான செபலெக்சின், செப்ட்ரியாக்சோன், கடுந்தொற்றுக்கென மருத்துவமனைகளில் காத்துவைக்கப்படும் கார்பபீனம் ஆகியவை இதில் அடங்கும். கிளைக்கோபெப்டைடு பிரிவைச் சேர்ந்த வான்கோமைசினோ, இழையின் நுனியைப் பற்றிக்கொண்டு முடிச்சைத் தடுக்கும். பெனிசிலினுக்கு அடங்காத சில கிருமிகளை இது அடக்கும்.

கிருமியும் வாளாவிருப்பதில்லை. சில கிருமிகள் பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியால் மருந்தை உடைக்கின்றன. அதனைத் தடுக்கவே அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. தேவையின்றி மருந்து உண்ணுந்தோறும் எளிய கிருமிகள் மடிய, எதிர்க்க வல்லவை பெருகுகின்றன. சளியை உண்டாக்கும் வைரசுக்கு இத்தகைய சுவரே இல்லை. அதற்கு இம்மருந்து வீண்.

1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். அதனை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் குழுவினர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு அதனைச் செலுத்தினர். சாகக் கிடந்தவர் தேறினார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவரது சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர், அதுவும் போதவில்லை. மார்ச்சு மாதம் அவர் இறந்தார். அவருக்கு மருந்து கிடைக்கவில்லை, நமக்கோ கிடைக்கிறது. கிடைத்ததைப் பாதியில் விடுதல் தகுமா?

அத்தாயாருக்கு நான் பின்னர்ச் சொன்ன விடை இதுவே. நெருக்கமான வீடுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி எளிதில் பரவும். அதனை எதிர்க்க எழும் உடலின் படையே தவறுதலாக இதயத்தையும் தாக்குகிறது. ஒவ்வொரு தாக்குதலிலும் வால்வு மேலும் கெடும், வெளியே தெரியாது. பென்சத்தீன் பெனிசிலின் உடலில் மெல்லக் கரைந்து, வாரக்கணக்கில் காவல் நிற்கும். பழுதான வால்வை அது சீராக்காது. மேலும் கெடாமல் காக்கும். இப்போது அச்சிறுமிக்கு ஊசி தவறுவதில்லை.

இளைஞர்களே, மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை வாங்காதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் மாத்திரையைப் பத்து நாள் உண்ணச் சொன்னால், மூன்றாம் நாள் வலி நின்றாலும் பத்து நாளும் உண்ணுங்கள். முன்பு பெனிசிலின் ஒவ்வாமை கண்டிருந்தால் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். உங்கள் தெருவில் ஊசி போட வேண்டிய குழந்தை இருந்தால் நாளைக் குறித்துவைத்து, கூலிக்குச் செல்லும் தாய்க்குப் பதிலாக நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வி அந்தக் குழந்தைக்கு உதவட்டும்.