சந்தி பிரிப்போம், குப்பையும் பிரிப்போம்



குப்பை மேட்டு ஆபத்துக்குப் பெரிதும் பொறுப்பு நிர்வாகமா, மக்களா? நிர்வாகமே என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். லாரி கொண்டுபோய்க் கொட்டுகிறதாம். இல்லைன்னு நான் சொல்லலீங்க. அந்த லாரியை நிரப்பினது யாரு? (கைதட்டல்)

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். மிஞ்சினதையெல்லாம் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் தானம் பண்ணினவங்க நாம! (சிரிப்பு)

மிஞ்சிய சோறு, வாழை இலை, காய்கறித் தோல் எல்லாம் காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. அது எரியும் வாயு. வடிகிற கறுப்புச் சாறோ நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்தது.

எரிவது மட்டுமா? சரியவும் செய்யும். கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரெல்லாம் கொட்டிய குப்பைக்கு அந்தத் தெரு உயிரைக் கொடுத்தது.

என் மாணவன் ஒருவனுக்குக் குப்பை மேட்டுப் பக்கம் வீடு. "ஏம்ப்பா அடிக்கடி லீவு?" என்றேன். "தங்கச்சிக்கு இழுப்புங்கய்யா. ஜன்னலைத் திறந்தா புகை, மூடினா வெக்கை" என்றான்.

அன்று வீட்டுக்குப் போய் என் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தேன். பழைய சாம்பார், பால் பாக்கெட், செத்துப்போன பேட்டரி, எல்லாம் ஒரே பையில்! என் மனைவி சொன்னாங்க: "நாற்பது பேருக்குச் சந்தி பிரிக்கச் சொல்லித் தர்றீங்க. குப்பையைப் பிரிக்கத் தெரியலையே!" (பலத்த சிரிப்பு)

"பிரிச்சுக் கொடுத்தாலும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" என்று எதிரணி கேட்கும். நியாயம். அப்போ லாரியை மறிச்சுக் கேளுங்க. வீட்டிலேயே பிரிக்க வேண்டும், பிரித்தபடியே எடுத்துப்போக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதியே சொன்னது. ஆனால் கலந்து கொடுத்த கை, மறித்துக் கேட்க நீளுமா? (கைதட்டல்)

நாம் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்ததோடு மறந்துவிடுகிறோம். அந்த முடிச்சு ஒரு குழந்தையின் மூச்சில் விழுகிறது. அதை அவிழ்க்க வேண்டிய கை முதலில் நம் கைதான் என்று தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே.